டூப்ளிகேட் ரிசீவர்

மூன்று மணிக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன், மூன்றே கால் ஆகிவிட்டது, இன்னும் எழுந்திருக்கவில்லை. அவர் ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து எதிர்வீட்டு மொட்டைமாடியில் காய்கிற துணிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் சாப்பாட்டு மேஜையில், இந்தக் கறுப்பு டெலிபோன் ரிசீவரை ஒரு பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, எங்கேயோ திருடிக்கொண்டு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். பத்தடி தூரம்தான். எழுந்து போய் அவர் கையில் கொடுத்து, இது ஒரிஜினலா டூப்ளிகேட்டா பார்த்துச் சொல்லுங்க என்று கேட்டால் முடிந்தது. டூப்ளிகேட் என்று சொல்லிவிட்டாரானால், நாளைக்குக் காலையில் பெங்களூரிலிருந்து காரில் வருகிற சுபாவிடம், வந்தவள் சாப்பிட்டுவிட்டுப் போ, அப்பாவை நான் எந்த முதியோர் இல்லத்துக்கும் அனுப்புவதாக இல்லை என்று சொல்லிவிடுவேன். சொல்லவில்லையானால் அவர் வேட்டி சட்டைகளை எடுத்து அடுக்க வேண்டியதுதான். இப்படி ஒரு பந்தயத்தை நான் யாரோடு கட்டியிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பெற்ற பெண்ணுக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. காலையில் பால் காய்ச்சும்போது வந்த யோசனை. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து, கேஸ் நாற்றம் அடித்த பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. அப்படியானால் அவருடைய மறதி எனக்கும் ஆரம்பித்துவிட்டதா. இல்லை, இது வேறே. இது யோசனை. அவருக்கு யோசனை இல்லை. அல்லது இருக்கிறதா, துணியைப் பார்க்கிறாரே, என்னத்தைப் பார்க்கிறார்.

என் இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டுப் பன்னிரண்டு நாளாகிறது. உள்ளே அரிக்கிறது, சொறிய முடியவில்லை. குளிக்க வைக்கும்போது தள்ளிவிட்டார். வேண்டுமென்றே இல்லை. தலையில் தண்ணீர் விழுந்ததும் பயந்துபோய்விட்டார், யாரோ தன்னை முக்குகிறார்கள் என்று நினைத்திருப்பார், இரண்டு கையாலும் நெஞ்சில் ஒரே தள்ளு. நான் வாளிமேல் போய் விழுந்தேன். விழுந்து கிடந்தவளைக் குனிந்து பார்த்து, "குமுதா, பார்த்து வரக்கூடாதா, பாசி பிடிச்சுக் கிடக்கில்ல" என்றார். தள்ளினது அதற்குள் போய்விட்டது. வலியில் எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தபடியே அழுதேன், அவர் ஈரத்தோடு நின்று என்னைக் கைதூக்கிவிடப் பார்த்தார். சுபாவிடம் வழுக்கி விழுந்தேன் என்றுதான் சொன்னேன். அவள் கெட்டிக்காரி. "அம்மா, அப்பாவைக் குளிக்க வைக்கிறப்பதானே விழுந்தே. அதுவும் வாளிமேல மல்லாக்க விழுந்தேன்னு சொல்றே. அப்பா தள்ளினாரா" என்று கேட்டாள். அங்கே மழையா என்று கேட்டேன். "இன்னிக்குக் கை. நாளைக்கு இடுப்பு. நீயும் படுத்துட்டா ரெண்டு பேரையும் யாரும்மா பார்க்கிறது. நான் என்ன ரோட்டுலயா விடச் சொல்றேன், நல்ல இடம்மா, தோட்டம் இருக்கு, நர்ஸ் இருக்காங்க, வாரம் ஒருவாட்டி நீ போய்ப் பார்க்கலாம்." அவள் சொல்வதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. தப்பு இருந்தால் பிடித்துக்கொண்டு சண்டை போடலாம். டாக்டரும் அப்படித்தான், நல்ல மனுஷர், அவரிடமும் சண்டை போட முடியவில்லை. இவரை எதிரில் உட்கார வைத்து, சார், மூணு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வெச்சுக்குங்க, எலுமிச்சை, சாவி, கப்பல், அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்பேன் என்றார். நடுவில் வேறு என்னென்னவோ கேட்டார். என்ன கிழமை, என்ன மாசம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். அப்புறம், சார் அந்த மூணு வார்த்தை என்றபோது இவர் ரொம்ப மரியாதையாகச் சிரித்து, "நீங்க சொல்லவே இல்லையே" என்றார். அவருக்குச் சொன்னது என் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பாத்திரம் தேய்க்கும்போது எலுமிச்சை. பூட்டைத் திறக்கும்போது சாவி. கப்பல்தான் ஒன்றுமில்லாமல் வருகிறது, திருச்சியில் கப்பல் ஏது, ஆனாலும் வருகிறது, தலையணையில் தலை வைத்ததும் வருகிறது. அந்தச் சோதனை அவருக்குச் சோதனையே இல்லை என்று எனக்கு அன்றைக்கே பட்டது. எலுமிச்சையோடு அவருக்கு என்ன சம்பந்தம். அவருக்கு என்ன தெரியுமோ அதைக் கேட்க வேண்டாமா. தபலா வாசிக்கிறவனிடம் நீச்சல் தெரியுமா என்று கேட்டுவிட்டு, தெரியாது என்று எழுதிக்கொள்கிற மாதிரி. இதை டாக்டரிடம் சொல்ல வாயெடுத்தேன், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவருக்குத் தெரிந்தது இதுதான், டெலிபோன். அம்பலவாணன் என்றால் பொன்மலை ஒர்க்ஷாப் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது, டெலிபோன்காரர் என்றால் ஆட்டோக்காரனே வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவான். ரயில்வேயில் டெலிபோன் மெக்கானிக்காக முப்பத்தைந்து வருஷம். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன், கேட்டுக்குக் கேட், கைப்பிடியைச் சுற்றிப் பேசுகிற போனெல்லாம் அவர் கைபட்டது. வீட்டில் பின்னறையில் நாற்பத்தொரு பழைய போன் இருக்கிறது, அவர் சேர்த்தது, ஒன்றைத் தவிர எல்லாம் பேசுகிற நிலையில். வீட்டுக்கு அழகுக்கு வைப்பதற்காகப் பழசு மாதிரியே புதுசாகச் செய்து விற்கிறார்கள் அல்லவா, அதை வாங்கி ஏமாந்தவர்கள், ஏமாறப் பயப்படுகிறவர்கள், சென்னையிலிருந்தெல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு இவரிடம் வருவார்கள். அவர் பார்க்கிறதை நான் காபி கொடுக்கிற சாக்கில் நின்று பார்ப்பேன். முதலில் ஸ்க்ரூ. அந்தக் காலத்து ஸ்க்ரூவின் தலையில் ஒற்றைக் கோடுதான், பிளஸ் குறி இருந்தால் மேற்கொண்டு திறக்கவே மாட்டார். அப்புறம் உள்ளே ஓடுகிற கம்பி. பருத்தி நூல் சுற்றியிருக்க வேண்டும், வழவழவென்று பிளாஸ்டிக் உறை இருந்தால் நேற்றுச் செய்தது. டயலைச் சைபர்வரைக்கும் இழுத்து விட்டால் ஒரு விநாடி எடுத்துக்கொண்டு ஒரே சீராகத் திரும்ப வேண்டும், படபடவென்று ஓடி வந்தால் பொய். தேய்மானத்தைக் கையால் தடவிப் பார்ப்பார். கை எங்கே படுமோ அங்கேதான் தேயும், எல்லா இடத்திலும் சமமாக மங்கியிருந்தால் யாரோ உட்கார்ந்து மங்க வைத்திருக்கிறார்கள். கடைசியாகத்தான் ரிசீவர். பேக்கலைட் என்று ஒன்று, இப்போதைய பிளாஸ்டிக்குக்கு முன்னால் வந்தது, அதில் வார்த்திருக்கும். கையில் ஏந்திக் கனம் பார்ப்பார். காதோரம் வைத்து நகத்தால் தட்டுவார், மரத்தில் தட்டினாற்போல் அடங்கின சத்தம் வர வேண்டும். கட்டைவிரலால் ஒரே இடத்தைச் சூடேறும்வரை தேய்த்து முகர்வார், கார்பாலிக் சோப்பு வாசனை வர வேண்டும். பிறகு காதருகில் ஆட்டுவார், பேசுகிற பக்கத்துக்குள்ளே கரித்துகள் நிரப்பியிருப்பார்கள், மணல் சரிகிற மாதிரி கேட்கும். கல்யாணமான புதிதில் அந்த வாசனையில் ஒரு சந்தேகம் வந்து என்னைக் கூப்பிட்டார். நான் பெண்கள் ஸ்கூலில் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட். அந்தக் கார்பாலிக் வாசனைக்குக் காரணம் பீனால், அதைப் பாட்டில் மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். முகர்ந்து பார்த்து, இது பீனால் இல்லை, எண்ணெய் தடவியிருக்கு என்றேன். அவர் ரிசீவரை வாங்கித் திரும்ப முகர்ந்துவிட்டு, "உன் மூக்கு நல்ல மூக்கு குமுதா" என்றார். அதற்கப்புறம் சந்தேகம் வரும்போதெல்லாம் என் மூக்குக்கு நேரே நீட்டுவார். கை மாவாக இருந்தாலும், தலை ஈரமாக இருந்தாலும், நீட்டுவார். என்னைப் பற்றி அவர் நல்லதாகச் சொன்னது அந்த ஒன்றுதான். கொண்டு போனால் அதைத்தான் கொண்டு போவேன்.

எங்கே கொண்டு போவது. நான் எங்கேயும் போகவில்லையே, போவது அவர். மூன்றரை. எதிர்வீட்டுக்காரி வந்து துணிகளை எடுக்க ஆரம்பித்துவிட்டாள், அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒவ்வொன்றாகப் போகிறது, அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். பெருமையாகச் சொல்லவில்லை, கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது என்ன கஷ்டம் என்று தெரியும். ஒருதரம், இவரோடு வேலை பார்த்த ரெங்கராஜ், அப்பா செத்துப்போனபோது அவர் ஞாபகமாக எடுத்துவைத்த போன் என்று பித்தளைக் கழுத்து வைத்த ஒன்றைக் கொண்டுவந்தார். சாப்பாட்டு வேளை. இலை போட்டு உட்கார வைத்திருந்தேன். இவர் சாப்பிடுகிற கையை மடக்கிக்கொண்டு இடது கையாலேயே திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பழசே இல்லை ரெங்கராஜ். பத்து வருஷம்கூட ஆகலை. உங்கப்பாவை எவனோ ஏமாத்தியிருக்கான்" என்றார். ரெங்கராஜ், "இல்லப்பா, தினம் துடைச்சு வெப்பாரு, இதுலதான் அவங்க கலெக்டர் ஆபீஸ்ல பேசினதுன்னு" என்று ஆரம்பித்தவர் சொல்லி முடிக்கவில்லை. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. மோர் வேண்டாமென்று எழுந்துவிட்டார், அதற்கப்புறம் இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. அன்றைக்குக் கேட்டேன், "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சிருக்கும்?" அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "இல்லாததை இருக்குன்னு சொல்லிட்டா அப்புறம் இருக்கிறதை எப்படிச் சொல்றது." என் சமையலை அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை, நன்றாக இல்லை என்றால் சொல்லியிருக்கிறார். சுபா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினபோது, கணக்கில் ஏன் குறைந்தது என்றுதான் கேட்டார். அவள் அதை இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் அனுப்பச் சொல்கிறாளோ என்று ஒருநாள் நினைத்து, நினைத்ததற்காக என் வாயில் நானே அடித்துக்கொண்டேன். அவள் போனில் பேசும்போது அழுகிறாள், போனைக் கையால் பொத்திக்கொண்டு அழுகிறாள், எனக்குக் கேட்கிறது.

ரிசீவரை உடைத்தது நான்தான். இது இல்லை, ஒரிஜினல். ஒன்பது வருஷமாகிறது. லோகோ டிரைவர் ரொஸாரியோ குடும்பத்தோடு வெளிநாட்டில் பெர்த் என்கிற ஊருக்குக் குடிபோகும்போது இவரிடம் கொடுத்துவிட்டுப் போன கறுப்பு மேஜை போன், நாற்பத்தொன்றிலும் அவருக்கு அதுதான் உயிர். நான் ஒட்டடை அடிக்க ஸ்டூலில் ஏறினவள், முந்தானை வயரில் மாட்டி, ரிசீவர் தரையில் விழுந்தது. பேக்கலைட் நசுங்காது, வளையாது, பீங்கான் தட்டு மாதிரி உடையும். நான்கு பெரிய துண்டு, பிறகு சின்னச் சின்னதாக. உள்ளேயிருந்து கரித்துகள் கொட்டித் தரையில் கறுப்பாகக் கிடந்தது. அவர் வந்து நின்று பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். குனிந்து துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேட்டி மடிப்பில் போட்டுக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டார். பதினொரு நாள் பேசவில்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை, தட்டு வைத்தால் சாப்பிடுவார், என் பக்கம் முகம் திரும்பாது. இரண்டாவது நாள் மன்னிப்புக் கேட்டேன். ஐந்தாவது நாள் நானே சண்டைக்கு நின்றேன், ஒரு கறுப்புக் குச்சிக்காகப் பெண்டாட்டியோடு பேசாமல் இருப்பீர்களா என்று. எட்டாவது நாள் எனக்கு ஒன்று தோன்றியது, இந்த மனுஷர் இனிமேல் பேசவே மாட்டார், இப்படியே ஒருநாள் யாராவது ஒருவர் போய்ச் சேருவோம், அது பயமாகக்கூட இல்லை, ஒரு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. பன்னிரண்டாவது நாள் காலையில் ஒன்றுமே நடக்காதது போல, "குமுதா, என் கண்ணாடியைப் பார்த்தியா" என்றார். தலையில்தான் ஏற்றி வைத்திருந்தார். சொன்னேன். எடுத்துப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். இப்போது ஒரு நாளில் பத்துத் தரம் கண்ணாடி எங்கே என்று கேட்கிறார், பத்துத் தரமும் எனக்கு அந்தக் காலை ஞாபகம் வருகிறது. அதன்பின் அந்தப் போனுக்குப் பொருந்துகிற ரிசீவருக்காக ஊர் ஊராக எழுதிப்போட்டார். பார்சல் வரும். பிரிப்பார், ஏந்துவார், தட்டுவார், தேய்ப்பார், ஆட்டுவார். "டூப்ளிகேட்" என்று சொல்லித் திரும்பக் கட்டச் சொல்வார். பதினெட்டுப் பார்சல். நான்தான் கட்டி, விலாசம் எழுதி, தபாலாபீஸுக்குக் கொண்டுபோவேன். ஒவ்வொரு தடவையும் கடவுளே இதாவது சரியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வேன், அவர் வாயைத் திறக்கும் முன்பே, அவர் கட்டைவிரல் நிற்கிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

இது பத்தொன்பதாவது. எப்போது எழுதிப்போட்டாரோ தெரியாது, தை மாதம் வந்தது. வாங்கி வைத்துவிட்டு அவரிடம் சொன்னபோது எந்தப் பார்சல் என்றார். அதோடு பீரோவில் கிடந்தது. இன்று காலை பிரித்து நானே எல்லாம் செய்து பார்த்தேன், ஒற்றைக் கையால். கனமே இல்லை, சோப்புப் பெட்டி மாதிரி இருக்கிறது. தட்டினால் டிக் என்று வெறுஞ்சத்தம். வலது கட்டைவிரல் சிவக்கிறவரை தேய்த்து முகர்ந்தேன், புதுச் செருப்பு வாசனை. ஆட்டினால் உள்ளே ஒன்றுமே இல்லை. பக்கவாட்டில் அச்சு இரண்டையும் ஒட்டின கோடு நூல் பிடித்தாற்போல் ஓடுகிறது, கண் தெரியாதவன் தடவிச் சொல்லிவிடுவான். இதைவிட லேசான கேள்வி கேட்கவே முடியாது. டாக்டர் கேட்டது எலுமிச்சை, நான் கேட்பது உங்கள் பெயர் என்ன என்கிற மாதிரி. அதனால்தான் கை வரவில்லை. கஷ்டமான கேள்வியில் தோற்றால், கேள்வி கஷ்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். மணி நாலு. ஒர்க்ஷாப் பக்கமிருந்து ரயில் எஞ்சின் ஒன்று நகராமல் இரைந்துகொண்டே இருக்கிறது. டூப்ளிகேட் என்று அவர் சொல்லிவிட்டார் என்றே வைத்துக்கொள். அப்புறம். சுபா திரும்பிப் போய்விடுவாள். நான் நாளைக்கும் குளிக்க வைக்க வேண்டும். நாளன்றைக்கும். இந்தக் கையோடு. அவர் பாத்ரூமென்று நினைத்துப் பீரோ மூலையில் போகிறதைத் துடைக்க வேண்டும், கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பாதித் தூக்கம் தூங்க வேண்டும். ஒருநாள், ஒரே ஒருநாள், யாரும் கூப்பிடாமல் தானாக விழித்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடுகிறது. ஓடி நிற்கிறது. அப்படியானால் நான் எதை வேண்டிக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அவர் சொல்ல வேண்டும் என்றா, சொல்லாமல் போக வேண்டும் என்றா. வேண்டுமென்றேதான் லேசான கேள்வியாக எடுத்தேனா, தோற்றுவிட்டால் எல்லார் முன்னாலும், என் முன்னாலும், நான் கை கழுவிக்கொள்ளலாம் என்றா. பதினொரு நாள் பேசாத மனுஷருக்கு நான் வைக்கிற பதிலா இது. இல்லை. அப்படி இல்லை. எலுமிச்சை, சாவி, கப்பல். இன்னும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டேன், எழுந்துவிட்டேன், துண்டைப் பிரித்து மேஜையில் போட்டுவிட்டு நடக்கிறேன், பத்தடியும் நடந்துவிட்டேன்.

எதிரில் மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரிசீவரை நீட்டினேன்.

"இது பார்சல்ல வந்தது. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

அவர் ஜன்னலிலிருந்து திரும்பி என் கையைப் பார்த்தார், கட்டுப் போட்ட கையை முதலில், பிறகு மற்றக் கையில் இருந்ததை. வாங்கிக்கொண்டார். வாங்கின விதத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. கரண்டியை வாங்குகிற மாதிரி இல்லை, ஒரு வருஷமாக எதை வாங்கினாலும் என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொள்வாரே, அப்படி இல்லை. இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி மெல்ல ஏற்றி இறக்கினார். கனம் பார்க்கிறார். முதுகு நிமிர்ந்தது. காதோரம் கொண்டுபோய் நகத்தால் தட்டினார், டிக், எனக்கே கேட்டது, அவருக்குக் கேட்காதா, தலையைச் சாய்த்து இன்னொரு தரம் தட்டினார். கட்டைவிரல் கைப்பிடி நடுவில் ஊன்றித் தேய்க்க ஆரம்பித்தது, அதே விரல், அதே அழுத்தம், அதே இடம், நகக்கண் வெளுக்கிறவரை. மூக்கருகில் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். இருக்கிறார், எல்லாம் இருக்கிறது, டாக்டரை இங்கே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும், சுபாவை நிறுத்த வேண்டும். பிறகு ஆட்டினார். ஒரு சத்தமும் இல்லை. பக்கவாட்டில் நகத்தை ஓட்டினார், அந்தக் கோட்டின்மேல் நகம் வந்து நின்றது. நின்றது. கோட்டைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் இரண்டு தரம் போனது. எனக்கு அப்போது தெரிந்தது நான் எதை வேண்டிக்கொண்டிருந்தேன் என்று. சொல்லுங்கள், டூப்ளிகேட் என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டுப் பதினொரு நாளோ பதினொரு மாதமோ பேசாமல் இருங்கள், ஆயுசுக்கும் குளிக்க வைக்கிறேன்.

"ஒரிஜினல்" என்றார்.

"நல்லா பாருங்க."

"பார்த்துட்டேன். சுத்தமான சரக்கு."

"வாசனை வருதா?"

"வருதே, கம்முனு வருதே" என்று முகம் மலர்ந்து சிரித்தார். "ரொம்ப நல்லா இருக்கு. இதை எங்க பிடிச்சீங்க நீங்க?"

நீங்க. முதலில் நான் அதைக் கேட்கவே இல்லை, நல்லா இருக்கு என்றதிலேயே நின்றுவிட்டேன். ஆசைப்பட்ட காலத்திலெல்லாம் வராத வார்த்தை, சோற்றுக்கு வராதது, பெண்ணின் மார்க்குக்கு வராதது, ரெங்கராஜின் செத்த அப்பாவுக்கு வராதது, இந்தச் சோப்புப் பெட்டிக்கு வந்தது. பிறகுதான் அந்த நீங்க வந்து உறைத்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் இந்த மனுஷர் என்னை நீ என்பதைத் தவிர வேறு சொன்னதில்லை. கோபத்தில் சொன்னதில்லை, கேலிக்குக்கூடச் சொன்னதில்லை. சென்னையிலிருந்து போன் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை நீங்க என்பார். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பதிலுக்காக, வந்தவர்களைப் பார்க்கிற அந்த அடக்கமான பார்வையோடு.

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை, ரிசீவரை அவர் கையிலிருந்து வாங்கினேன். "இது டூப்ளிகேட்ங்க" என்றேன். அவரிடம் அந்தச் சொல்லை நான் சொல்லுவது அதுதான் முதல் தடவை. "கனம் இல்லை பாருங்க. தட்டினா வெறுஞ்சத்தம். இதோ, அச்சு ஒட்டின கோடு. ஆட்டினா கரி உருளணும், உருளலை." ஒவ்வொன்றாகச் செய்து காட்டினேன். அவர் குனிந்து கவனமாகக் கேட்டார். ஒரு வார்த்தைகூட மறுக்கவில்லை. சொன்னால் சண்டைக்கு வருகிற மனுஷர், ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார்.

"இவ்வளவு விவரமா எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"எங்க வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தது."

"நல்ல மனுஷர் போலிருக்கு."

"ரொம்பக் கறாரான மனுஷர்" என்றேன். அவர் அதற்கும் தலையாட்டினார், அப்படிப்பட்ட ஒருவரைத் தனக்கும் தெரியும் என்பது போல. பிறகு எதையோ மறந்துவிட்டவர் மாதிரி நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்து நிமிர்ந்து, சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"குமுதா, வந்தவங்களுக்குக் காபி கொண்டா."

சமையலறையில் யாருமில்லை. அவர் என்னைப் பார்த்து, இப்போ வந்துடும் என்று சமாதானமாகச் சொன்னார். நான் மோடாவிலிருந்து எழுந்தேன். எழுந்து, அவர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், அங்கே நின்று, "இதோ கொண்டாறேன்" என்றேன். அடுப்பைப் பற்ற வைத்துப் பாலை ஏற்றிவிட்டு, சுபாவுக்குப் போன் போட்டேன். "காலையில எத்தனை மணிக்குக் கிளம்புறே?" என்று கேட்டேன். அஞ்சு மணிக்கும்மா என்றாள். "சரி. அங்க வேட்டி கட்ட விடுவாங்களா, பைஜாமாதானா, கேட்டுச் சொல்லு, அதுக்குத் தகுந்தமாதிரி எடுத்து வைக்கணும்." அவள் போனைப் பொத்திக்கொண்டாள். பால் பொங்கி வந்தது, இந்தத் தடவை அணைத்துவிட்டேன். டிகாக்‌ஷனை ஊற்றி, இரண்டு டம்ளரையும் ஒரு தட்டில் வைத்து, ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அவருக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டு மாடிக் கொடியில் ஒன்றும் இல்லை, வெயில் இறங்கியிருந்தது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, முன்னால் சாய்ந்து, வீட்டுக்கு வந்தவளை விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"சர்க்கரை சரியா இருக்கா உங்களுக்கு?"

இரண்டிலும் போட மறந்திருந்தேன். கசந்தது.

"சரியா இருக்குங்க" என்றேன். "ரொம்ப நல்லா இருக்கு."